சின்ன வீட்டுத் தோட்டத்தில் செண்பகம்: கன்று வாங்குவதிலிருந்து பூப் பறிப்பது வரை

செண்பகம் வைக்கலாமா என்று கேட்பவர்களில் பாதிப் பேர், நாம் வாய் திறப்பதற்குள் "ஆனா அது பெரிய மரமாச்சே" என்று பதிலையும் சொல்லிவிடுவார்கள். பயம் நியாயமானதுதான். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் அது 100 அடி வரை போகிற மரம், தடி அறுத்துக் கதவு ஜன்னல் செய்கிற அளவுக்குப் பருக்கும். அதே செண்பகத்தை மதில் சுவருக்கும் மாடிப்படிக்கும் நடுவில் இருக்கிற இடத்தில், 8 முதல் 10 அடிக்குள் நிறுத்தி, கைக்கெட்டும் உயரத்தில் பூப் பறிக்கவும் முடியும். ஒட்டுக்கன்றாக, அதாவது விதையில் முளைத்த ஒரு செடியின் வேர்ப்பகுதி மேல் பூக்கிற மரத்தின் கிளையை ஒட்டி உண்டாக்கிய கன்றாக, வாங்க வேண்டும், தண்ணீர் தேங்காத இடத்தில் நட வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவை கத்திரியை எடுக்க மனசு வர வேண்டும். பூக்காமல் நிற்கும் பெரும்பாலான செண்பகங்களின் கதை நர்சரி வாசலிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் கணிப்பு. அதனால் இந்தக் கட்டுரையில் கன்று வாங்குவதற்குக் கொஞ்சம் அதிகமாகவே இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. வெளிநாட்டுத் தோட்டப் படங்களைப் பார்த்துவிட்டு "மேக்னோலியா வேணும், ஆனா நம்ம ஊர் வெயிலுக்கு வராதாமே" என்பவர்கள். செண்பகமே மேக்னோலியாதான். அதன் தாவரவியல் பெயர் மேக்னோலியா சம்பகா. பழைய புத்தகங்களிலும் சில நர்சரிப் பலகைகளிலும் மைக்கேலியா சம்பகா என்று இருக்கும், இரண்டும் ஒன்றே, குழம்ப வேண்டாம். மேக்னோலியா என்பது பிரான்சின் மான்பெலியே நகரத்தில் வாழ்ந்த பியர் மக்னோல் (1638–1715) என்ற தாவரவியலாளரின் நினைவாக வைத்த பெயர்.

படங்களில் பார்க்கிற, இலையே இல்லாமல் கிளை முழுக்க நட்சத்திரம் மாதிரி வெள்ளையாகப் பூக்கும் ஸ்டெல்லாட்டா போன்ற ரகங்களுக்குக் குளிர்காலம் ஒழுங்காக வர வேண்டும். சென்னை, மதுரை, திருச்சிக்காரர்கள் அந்த ஆசையை விட்டுவிடுவது நல்லது. அமெரிக்காவின் தென்பகுதியைச் சேர்ந்த, தட்டளவு வெள்ளைப் பூப் பூக்கும் மேக்னோலியா கிராண்டிஃப்ளோராவில் 'லிட்டில் ஜெம்' என்று அடக்கமான ரகம் ஒன்று உண்டு. ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரு போன்ற இடங்களில் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம். சமவெளி என்றால் செண்பகம்தான், யோசிக்கவே வேண்டாம்.

மஞ்சளா வெள்ளையா

நர்சரியில் பொதுவாக இரண்டு வகை கிடைக்கும். இளமஞ்சளில் மலர்ந்து நாள் ஏற ஏற ஆரஞ்சுக்குப் போகும் நம் பழைய செண்பகம் ஒன்று. இதழ்கள் மெலிந்து நீண்டு, தந்த நிறத்தில் இருக்கும் வெள்ளைச் செண்பகம் இன்னொன்று. வெள்ளையின் பெயர் மேக்னோலியா ஆல்பா, செண்பகமும் இன்னொரு மேக்னோலியாவும் கலந்து வந்த கலப்பினம், பொதுவாக விதை விடாது. விதை இல்லாததால் கன்று ஒட்டாகவோ பதியமாகவோதான் (மரத்தோடு இருக்கும் கிளையிலேயே வேர் பிடிக்கவைத்து எடுப்பது) வந்தாக வேண்டும், ஆகவே வெள்ளை வாங்கும்போது விதைக்கன்று என்று ஏமாறும் வாய்ப்புக் குறைவு. வாசம் இரண்டிலும் தூக்கலாக இருக்கும். மஞ்சளில் கொஞ்சம் காரமான நெடி, வெள்ளையில் கொஞ்சம் பழ வாசனை. எனக்கு மஞ்சள்தான் பிடிக்கும், ஆனால் இடம் ரொம்பக் குறைவு, தொட்டியில்தான் வைக்கப்போகிறேன் என்பவர்களுக்கு வெள்ளையைச் சொல்வேன்.

'குட்டைச் செண்பகம்', 'தொட்டிச் செண்பகம்' என்று தனி ரகம் போல விற்பார்கள். பெரும்பாலும் அது சாதாரணச் செண்பகத்தின் ஒட்டுக்கன்றுதான். பூக்கிற மரத்திலிருந்து கிளை எடுத்து ஒட்டியதால் இடுப்பளவு இருக்கும்போதே பூத்துவிடுகிறது, பார்க்கிறவர்களுக்குக் குட்டை ரகமாகத் தெரிகிறது. கத்திரி படாமல் விட்டால் அதுவும் மாடியைத் தாண்டும்.

இணையத்தில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வடநாட்டு விற்பனையாளர்களிடம் 'சம்பா' என்று தேடினால் பெருமாள் அரளி, அதாவது ஈழத்தலரி, பார்சலில் வந்து இறங்கலாம். அங்கே அதற்கும் சம்பா என்றுதான் பெயர். வந்த கன்றின் இலைக்காம்பைக் கிள்ளிப் பாருங்கள், பால் வந்தால் அது செண்பகம் இல்லை.

கன்றைப் பார்த்து வாங்குவது

விதையிலிருந்து வந்த செண்பகம் பூக்க ஏழெட்டு வருடம் ஆகும், சிலது பத்தும் எடுத்துக்கொள்ளும். ஒட்டுக்கன்று ஒன்றிரண்டு வருடத்தில் பூக்கும், பல கன்றுகள் நர்சரிப் பையிலேயே மொட்டோடு நிற்கும். விலை விதைக்கன்றைவிடப் பல மடங்கு இருக்கும், பேரம் பேசுங்கள், ஆனால் விலை குறைவு என்று விதைக்கன்றுக்கு மட்டும் இறங்காதீர்கள்.

"ஒட்டுதானே?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை, ஆகவே குனிந்து நாமே பார்க்க வேண்டும். மண்ணிலிருந்து அரை அடி, ஒரு அடிக்குள் தண்டில் ஒரு முடிச்சு, சாய்வான தழும்பு அல்லது லேசான வளைவு இருக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு பட்டை, மேலே வேறு ஒரு பட்டை என்று நிறத்திலோ பருமனிலோ வித்தியாசம் தெரியும். சில கன்றுகளில் கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் சுற்றியே இருக்கும். அது நல்ல அடையாளம்தான், ஆனால் வீட்டுக்கு வந்ததும் மெதுவாக வெட்டி எடுத்துவிடுங்கள், தண்டு பருக்கும்போது நாடா இறுக்கி அந்த இடமே நெரிந்துவிடும். தழும்பை விரல்களுக்கு நடுவே பிடித்து லேசாக அசையுங்கள். ஆட்டம் கண்டால் ஒட்டு இன்னும் சேரவில்லை, வேறு கன்று பாருங்கள்.

இதோடு கிளையையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். செண்பகக் குச்சியில் ஒவ்வொரு இலை முளைத்த இடத்திலும் தண்டைச் சுற்றி மெல்லிய வளையக் கோடு ஒன்று ஓடும். கொழுந்தை மூடியிருந்த உறை கழன்று விழுந்த தடம் அது, மேக்னோலியா குடும்பம் முழுவதற்கும் உள்ள அங்க அடையாளம். பூ இல்லாத நேரத்தில் வாங்குகிறவர்களுக்கு இந்த வளையத்தைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

நல்ல கன்று என்றால் பக்கக்கிளைகள் இரண்டு மூன்றாவது இருக்கும், நுனிக்கொழுந்து பச்சையாக இருக்கும், இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்காது. பையின் அடியைத் திருப்பிப் பாருங்கள். தடித்த வேர் பையைக் கிழித்துத் தரைக்குள் போயிருந்தால் அந்தக் கன்றைத் தூக்கும்போதே பாதி வேர் அறுந்துவிடும், வீட்டில் வந்து பத்து நாளில் இலையைக் கொட்டும். மொட்டு நிறைய இருக்கிறது என்பதற்காக அதையே தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். அந்த மொட்டில் பாதி எப்படியும் இடம் மாறியதும் உதிரப்போகிறது.

இடமும் மண்ணும்

குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு நடந்து போனவர்களுக்கு இந்த மரம் எப்படிப்பட்ட இடத்தைச் சேர்ந்தது என்று தெரிந்திருக்கும். ஈரக்காற்று, இலைமக்கு நிறைந்த மண், மலைச்சரிவு. அங்கே எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்பதில்லை, ஓடிவிடுகிறது. வேர் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் தண்ணீரில் நிற்கக் கூடாது. செண்பகத்துக்கு ஊற்றும் தண்ணீர், போடும் உரம் எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு.

வெயில் ஒரு நாளைக்கு 5, 6 மணி நேரமாவது விழ வேண்டும். காலை வெயில் நன்றாக விழுந்து, பிற்பகல் 2 மணிக்கு மேல் வீட்டு நிழலோ பக்கத்து மரத்து நிழலோ கிடைக்கிற கிழக்குப் பக்கம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மேற்குப் பக்கம்தான் இருக்கிறது என்றாலும் வைக்கலாம், முதல் இரண்டு கோடைக்கு நிழல்வலை கட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சுவரிலிருந்து 8 அல்லது 10 அடி தள்ளி வையுங்கள். செப்டிக் டேங்க், தரைத்தொட்டி, மின்கம்பி மூன்றுக்கும் தூரம்.

குழியை 2 அடிக்கு 2 அடி, ஆழமும் 2 அடி எடுங்கள். எடுத்ததும் மண்ணைப் போட்டு மூட அவசரப்படாதீர்கள். குழி நிறையத் தண்ணீர் விட்டு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் தண்ணீர் வடிந்திருந்தால் சரி. குளம் போல நின்றால் அந்த இடத்தில் குழிக்குள் நடக் கூடாது, தரைமட்டத்துக்கு மேல் ஒரு அடி உயரத்துக்கு மண்ணை மேடாகக் குவித்து அதன் மேல் நட வேண்டும். களிமண் ஊர்க்காரர்கள் இந்தச் சோதனையைத் தாண்டிப் போகவே வேண்டாம்.

நிரப்ப: தோண்டிய மேல்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுஉரம் ஒரு பங்கு, மண் இறுக்கமாக இருந்தால் ஆற்றுமணல் அரைப் பங்கு, வேப்பம்பிண்ணாக்கு கால் கிலோ. கட்டட வேலை நடந்த மனை என்றால் சிமெண்ட், சுண்ணாம்புத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், முடிந்தால் அந்த மண்ணையே மாற்றிவிடுங்கள். லேசான புளிப்புத் தன்மையுள்ள மண்தான் செண்பகத்துக்கு ஒத்துவரும், சுண்ணாம்பு கலந்தால் இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியாமல் இலை வெளுக்கும்.

நடுவது

காலம்: தென்காசி, கன்னியாகுமரி, கோவைப் பக்கம் ஆடி, ஆவணி. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிற ஊர்களில் புரட்டாசி. வருடாவருடம் மழைக்குத் தெருவே முழுகும் பகுதி என்றால் மழை ஓய்ந்து தை மாதத்தில் நடுங்கள், கோடைக்குள் வேர் பிடிக்க நேரம் இருக்கும். சித்திரை, வைகாசியில் கன்று வாங்கவே போகாதீர்கள்.

சாயங்காலம் நடுங்கள். முதல் நாளே பைக்குத் தண்ணீர் விட்டு வைத்தால் மண்கட்டி உதிராது. செண்பக வேர் சதைப்பற்றானது, எளிதில் ஒடியும், ஒடிந்தால் மெதுவாகத்தான் மீளும். அதனால் பையைக் கவிழ்த்துத் தட்டி எடுக்கிற வழக்கமெல்லாம் இங்கே வேண்டாம். பிளேடால் பையின் அடியை முதலில் வட்டமாக வெட்டி எடுத்து, கன்றைக் குழிக்குள் இறக்கி, அப்புறம் பக்கவாட்டில் கீறிப் பையை உருவுங்கள்.

ஒட்டுத் தழும்பு மண்ணுக்கு மேல் குறைந்தது 3, 4 அங்குலம் தெரிய வேண்டும். "ஆழமா நட்டா நல்லா நிக்கும்" என்று பக்கத்தில் நின்று சொல்கிறவர்களுக்குத் தலையாட்டிவிட்டு நீங்கள் இப்படியே நடுங்கள். தழும்பு புதைந்தால் அங்கே அழுகல் வரும். அழுகாவிட்டாலும் அடியில் மண்ணுக்குள்ளிருந்து வருவது ஒட்டுக்கிளையா வேர்ச்செடியின் துளிரா என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் போகும்.

கால் வைத்து மிதிக்காமல் கையால் மண்ணை அழுத்தி, ஒரு கம்பை ஊன்றி, பழைய துணிக் கிழிசலால் எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டி, வட்டப்பாத்தி போட்டுத் தண்ணீர் விடுங்கள். பாத்திக்குள் காய்ந்த இலையோ தேங்காய் மட்டையோ 3 அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்புங்கள், தண்டை ஒட்டி மட்டும் ஒரு சாண் இடம் விட்டுவிடுங்கள்.

முதல் வருடம்

முதல் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மழை பெய்தால் வேண்டாம். பிறகு மூடாக்கை விலக்கி விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் அன்றைக்கு விடுமுறை. கோடையில் பெரும்பாலும் தினமும் கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட ஒரே தடவையில் ஒரு வாளி நிறைய, மெதுவாக, ஆழம்வரை இறங்கும்படி விடுவது மேல்.

மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்குகிறது என்றால் தண்ணீர் அதிகமாகிவிட்டது, வேர் மூச்சு முட்டுகிறது. புதிதாக வளர்ப்பவர்கள் அதைப் பார்த்து வாடிவிட்டது என்று இன்னொரு வாளி ஊற்றுவார்கள், அதோடு கதை முடிந்துவிடும்.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் இலையின் ஓரம் பழுப்பாகிக் கருகும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இதற்கு ஒதுக்குங்கள். ஏசி குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே இருக்காது, ஒரு பிளாஸ்டிக் கேனை வைத்துப் பிடித்து ஊற்றலாம். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மட்டும் வீணாகிறதே என்று செண்பகத்துக்கு ஊற்றாதீர்கள், உள்ள உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கும்.

உரம் முதல் மூன்று மாதம் எதுவும் வேண்டாம். அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் போதும். பஞ்சகவ்யா இருந்தால் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். யூரியாவைத் தொடாதீர்கள், இலை யானைக்காது அளவுக்கு வரும், பூ வராது.

இளம் இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறை. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி உப்பு என்று கேட்டால் கிடைக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, சாயங்காலத்தில் இலை நனையத் தெளித்து, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை தெளியுங்கள். டைல்ஸ் தரையில் பட்டால் துருக்கறை போகாது, பார்த்து.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். "ஒட்டுக்கன்றுன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க, அஞ்சு வருஷமாச்சு, பூவே இல்ல" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல சமயம் இருப்பது இதுதான். ஒட்டுக்கன்றின் வேர்ப்பகுதி ஒரு விதைச்செடி. அதற்கும் உயிர் இருக்கிறது, அதுவும் துளிர் விடும், ஒட்டிய கிளையைவிட வேகமாக, நெட்டக்குத்தலாக, பெரிய இலையோடு வளரும். நமக்கோ செடி செழிப்பாக வருகிறதே என்று சந்தோஷம். ஒரு மழைக்காலம் கண்டுகொள்ளாமல் விட்டால் அது முதன்மைத் தண்டாகிவிடும், ஒட்டிய கிளை ஓரத்தில் நோஞ்சானாக நின்று பட்டுப்போகும். கடைசியில் கையில் மிஞ்சுவது விதைச் செண்பகம், பூவுக்கு இன்னும் நாலைந்து வருடம்.

வாரத்துக்கு ஒரு தடவை தழும்புக்குக் கீழே விரலால் தடவிப் பாருங்கள். பச்சை முளை சின்னதாகத் தட்டுப்பட்டதும் நகத்தால் அழுத்திப் பக்கவாட்டில் தள்ளினால் அடியோடு வந்துவிடும். கத்தரித்தால் அடிக்கண் தங்கி மறுபடி இரண்டாக வரும், அதனால் பிய்த்து எடுப்பதே நல்லது. சீர் பிடித்த மரத்தில்கூட, முக்கியமாகக் கவாத்து செய்த பிறகு, அதாவது கிளைகளை வெட்டிக் குறைத்த பிறகு, இது தலைகாட்டும்.

உயரத்தைக் கட்டுக்குள் வைப்பது

கன்று 3 அடி வந்ததும் நடுக்கொழுந்தைக் கிள்ளுங்கள். பக்கத்தில் மூன்று நான்கு கிளை பிரியும். அவை ஒன்றரை அடி நீண்டதும் அவற்றின் நுனியையும் கிள்ளுங்கள். இரண்டு வருடத்தில் ஒற்றைத் தடிக்குப் பதிலாகப் புதராக நிற்கும், பூவும் கூடும். செண்பகப் பூ கிளை நுனியில் வருவதில்லை, இலைக்கணுவில், இலைக்கும் தண்டுக்கும் நடுவில் வருகிறது. புதுக்கிளை எத்தனை இருக்கிறதோ அத்தனைக்குக் கணு, கணுவுக்கு ஏற்பப் பூ.

கத்திரியை எடுக்கும் முன் மொட்டை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். கிளை நுனியில் கூர்மையாக, ஒல்லியாக நிற்பது இலைக்கொழுந்து. கணுவில் குட்டைக் காம்போடு, கொஞ்சம் குண்டாக, பழுப்பு நிறப் பட்டு ரோமம் போர்த்திய உறைக்குள் இருப்பது பூமொட்டு. உறை ஒரு பக்கமாக வெடித்து, உள்ளே பச்சை கலந்த மஞ்சள் தெரிந்தால் இன்னும் சில நாளில் பூ. வெயிலில் தலைசாய்த்துப் பார்த்தால் அந்த ரோமம் மினுமினுக்கும்.

பெரிய கவாத்து வருடத்துக்கு ஒன்று, முக்கியமான பூப்பு ஓய்ந்த பிறகு. கோடை மழையில் தொடங்கி மழைக்காலம் வரை பூப்பு விட்டுவிட்டு வரும், ஊருக்கு ஊர் முன்பின் இருக்கும், உங்கள் மரம் எப்போது ஓய்கிறது என்று முதல் வருடம் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், வெளிப்பக்கம் பார்க்கும் கணுவுக்கு மேல் சாய்வாக வெட்டுங்கள். உள்ளே குறுக்காக உரசும் கிளையை எடுத்துவிடுங்கள். ஒரே வருடத்தில் மரத்தின் கால்வாசிக்கு மேல் எடுக்க வேண்டாம். செண்பகத்துக்கு வெட்டுக்காயம் சீக்கிரம் ஆறாது, கைத்தடிப் பருமனுக்கு மேல் வெட்டும் நிலைமையே வராமல் ஒல்லியாக இருக்கும்போதே வெட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

பூத்து முடிந்ததும் திராட்சைக்கொத்து மாதிரி சாம்பல் பச்சையில் காய்க்கும், வெடித்தால் உள்ளே சிவப்புச் சதை மூடிய விதைகள். குருவிகளுக்குக் கொண்டாட்டம். இளம் மரமாக இருந்தால் காயைப் பிஞ்சிலேயே கிள்ளிவிடுங்கள், மரத்தின் தெம்பு அடுத்த பூவுக்குப் போகட்டும். விதை போட்டுப் பார்க்க ஆசை என்றால் மணலில் தேய்த்துச் சிவப்புச் சதையைக் கழுவிவிட்டு அன்றைக்கே விதையுங்கள், காயவைத்து எடுத்து வைத்தால் முளைப்புத்திறன் போய்விடும்.

பூ வரவில்லை, மொட்டு உதிர்கிறது

ஒட்டுதான், கீழ்த்துளிர் இல்லை, மூன்று வருடமாயிற்று, பூ இல்லை என்றால் முதலில் வெயிலைப் பாருங்கள். வைக்கும்போது வெயில் இருந்திருக்கும், அப்புறம் பக்கத்து வீட்டில் மாடி எழும்பியிருக்கும். அடுத்தது சாண எருவையும் பிண்ணாக்குக் கரைசலையும் வாரா வாரம் ஊற்றுகிற அன்பு, அதைக் குறையுங்கள். மூன்றாவது, மொட்டு வைக்கும் நேரத்தில் கத்தரித்துவிடுவது.

மொட்டு வந்து விரியாமல் உதிர்ந்தால் பெரும்பாலும் தண்ணீர் ஒரு சீராக இல்லை. நான்கு நாள் காயவிட்டு ஐந்தாம் நாள் வெள்ளமாக ஊற்றினால் இப்படித்தான். அனல்காற்று அடிக்கும் வாரங்களில் எவ்வளவு பார்த்தாலும் கொஞ்சம் உதிரும், விட்டுவிடுங்கள்.

பூச்சிகள்

எறும்பு தண்டில் வரிசை கட்டி ஏறினால் மேலே மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சமாக இருந்தால் பழைய பல்துலக்கியில் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்துவிடலாம். பரவியிருந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய கொஞ்சம் சோப்பு, சாயங்காலம், வாரம் ஒரு தடவை.

இலையை ஓரத்திலிருந்து கடித்துத் தின்னும் பச்சைப்புழு வந்தால் மருந்தை எடுக்கும் முன் பொறுங்கள். கறுப்பு இறக்கையில் பச்சைப் புள்ளிகளோடு ஓரிடத்தில் நிற்காமல் பறக்குமே ஒரு வண்ணத்துப்பூச்சி, அதன் புழுவாக இருக்கலாம். நெட்டிலிங்கம், சீத்தா, செண்பகம் இலைகளைத் தின்றுதான் அது வளர்கிறது. நாலு இலை போனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. கன்று ரொம்பச் சின்னதென்றால் புழுவைப் பக்கத்து நெட்டிலிங்கத்துக்கு மாற்றிவிடுங்கள். பூவுக்குள் குட்டி வண்டுகள் இருந்தாலும் பதற வேண்டாம், மேக்னோலியாக்களுக்குத் தேனீயைவிட வண்டுகளே பழைய கூட்டாளிகள், மகரந்தம் அவற்றால்தான் மாறுகிறது.

வாசப் பூ மரம் வைத்தால் பாம்பு வரும் என்று யாராவது பெரியவர் சொல்வார். பாம்பு எலிக்கும் தவளைக்கும் வரும். மரத்தடியில் செங்கல், தேங்காய் மட்டைக் குவியல் வைக்காமல் இருந்தால் போதும்.

தொட்டியில் வைப்பவர்களுக்கு

மொட்டைமாடியில் முடியும், பூவும் வரும், ஆனால் தரையில் இருப்பது போல ஒரு நாள் மறந்தால் மன்னிக்காது. தொடக்கத்தில் 18 அங்குலத் தொட்டி, இரண்டு மூன்று வருடத்தில் 24 அங்குலம் அல்லது பாதியாக வெட்டிய நீல டிரம். அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஐந்தாறு துளை. செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. தளத்தின் சூடு நேரடியாக ஏறாமல் இருக்கத் தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

பெரிய தொட்டிக்குப் போன பிறகு வேரைக் கிளறி மண் மாற்றுவதை இந்தச் செடி விரும்புவதில்லை. வருடத்துக்கு ஒரு முறை, மழை தொடங்கும்போது, மேல்மண்ணை 3 அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டுப் புது உரமண் போட்டால் போதுமானது. தொட்டி விளிம்பில் வெள்ளை உப்புப் படிந்தால் மழை நாளில் வெளியே வைத்து நன்றாக நனையவிடுங்கள், உப்பு கரைந்து அடித்துளை வழியாக வெளியேறிவிடும்.

பறிப்பது

பாதி விரிந்த மொட்டை அதிகாலையில், வெயில் ஏறும் முன், காம்போடு பறிக்க வேண்டும். கிளையைப் பிடித்து வளைக்காதீர்கள், செண்பகத்தின் இளங்கிளை சட்டென்று முறியும். எட்டாத பூவுக்கு ஏணி போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த கவாத்தில் அந்தக் கிளையைக் குறைக்க மறக்காதீர்கள். இதழில் விரல் அழுந்தினால் ஒரு மணி நேரத்தில் அந்த இடம் பழுப்பாகும், அதனால் காம்பை மட்டும் பிடியுங்கள். மல்லிகை மாதிரி நெருக்கித் தொடுத்தால் நசுங்கும், ஜடையில் ஒற்றைப் பூவாகச் செருகலாம், சாமி படத்துக்கு அப்படியே வைக்கலாம், அகலப் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு மிதக்கவிட்டால் மறுநாள் வரை வாசம் இருக்கும். ஃப்ரிட்ஜில் வைக்கிறவர்கள் மூடி போட்ட டப்பாவில் வையுங்கள், இல்லையென்றால் பாலும் தயிரும் செண்பக வாசம் அடிக்கும்.